ஓய்வு பெற்றவர் யார்?

மார்கழி விடியலில், திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கல்லணை நோக்கிச் செல்லும் காவிரிக் கரைச் சாலையில் மிதிவண்டி ஓட்டிச் செல்வது எங்கள் வழக்கம். நாங்கள் நால்வர். ஒருவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒருவர் அஞ்சலக எழுத்தர். ஒருவர் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவர். ஒருவர் நாள்தோறும் பூதலூர் நிலையத்தில் மிதிவண்டியை நிறுத்திவிட்டு இரயிலேறி, பொன்மலைப் பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர். நால்வரும் இன்று ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். இதை எழுதும் கை ஒருவருடையதே ஆயினும், இதிலுள்ள எண்ணமும் வெட்கமும் நால்வருக்கும் பொதுவாதலின், 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தரைக்குப் புறப்படுவோம். எங்கள் வண்டிகள் நான்கும் பழைய வகை. இருபது கிலோவுக்குக் குறையாத கனம், கம்பி பிரேக், மழையில் நனைந்துவிட்டால் இரும்பு விளிம்பை பிரேக் கட்டைகள் பிடிக்கவே மாட்டா. சாலையின் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கதிர் முற்றிய சம்பா வயல். மூடுபனியில் ஆறும் தெரியாது, வயலும் தெரியாது. முன்னே செல்பவரின் மணியோசையைப் பின்பற்றியே பின்னால் வருபவர் செல்ல வேண்டும். எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் ஒரு மதகடியில் இறங்கிச் சற்று அமர்ந்துவிட்டுத் திரும்புவோம். போகும்போது கிழக்கு எங்கள் முதுகுப் பக்கம். திரும்பும்போதுதான் கதிரவன் நேரே முகத்தில் படுவான். பனியில் விறைத்த முகத்தில் அந்த முதல் வெயில் படுகிறதே, அந்தச் சுகத்திற்காகவே நாங்கள் போகிறோம் என்று சொன்னாலும் பிழையில்லை.

குளிர் என்று நாங்கள் சொல்வதைக் கேட்டால் வடநாட்டார் நகைப்பர். திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் சனவரி மாத விடியலில் வெப்பநிலை 20 பாகைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதற்கே நாங்கள் கம்பளிக் குல்லாயும் கழுத்துத் துணியும் சுற்றிக்கொள்கிறோம். ஃபின்லாந்து நாட்டில், வடதுருவ வட்டத்திற்குச் சற்றுத் தெற்கே ஔலு என்றொரு நகரம் உண்டு. அங்கே இறுகிய வெண்பனியின்மேல், உறைநிலைக்கு மிகவும் கீழான குளிரில், பள்ளிச் சிறார் முதல் முதியோர் வரை மிதிவண்டியில் செல்கின்றனர். குளிர்காலத்து மிதிவண்டிப் பயணம் பற்றிய முதல் பன்னாட்டு மாநாடு 2013-இல் அந்நகரில்தான் கூடியது. இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் அஞ்சலக நண்பர் குல்லாய் அணிவதை விட்டுவிட்டார். சளி பிடித்ததும் மீண்டும் அணிந்துகொண்டார்.

இவ்வாறு இன்பமாகச் சென்றுகொண்டிருந்த எங்கள் காலைப் பொழுதில் முதல் கல்லை எறிந்தவர் ஒரு பால்காரர். இரண்டு பக்கமும் பால் குடங்கள் தொங்க, எதிர்த்திசையில் நாள்தோறும் வருவார். எங்கள் வயதுதான் இருக்கும்; ஒருகால் எங்களைவிட இரண்டொரு ஆண்டு மூத்தவராகவும் இருக்கலாம். ஒரு நாள் எங்களைக் கடந்து போகையில், "காத்து வாங்கப் போறீங்களா, சார்?" என்று கேட்டார். ஏளனம் சிறிதும் இல்லாத, நல்லெண்ணத்துடன் கூடிய கேள்வி அது. ஆயினும், அன்று மதகடியில் நாங்கள் நெடுநேரம் பேசவில்லை. அதே சாலை, அதே பனி, அதே வகை வண்டி. அவர் பிழைப்புக்காக மிதிக்கிறார். நாங்கள் பசியெடுப்பதற்காக மிதிக்கிறோம்.

முதியோர்க்கு ஓய்வூதியம் என்பதே உலகில் அண்மைக்காலத்து ஏற்பாடு. 1889-இல் பிஸ்மார்க் ஜெர்மனியில் முதியோர் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஊதியம் பெறும் வயது 70 என்று வைத்தார். அந்த வயதை எட்டிய தொழிலாளர் எத்தனை பேர் இருந்திருப்பர்! தமிழக அரசுப் பணியில் 58 என்றிருந்த ஓய்வு வயது 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. அந்தப் பால்காரருக்கு இத்தகைய எண் ஏதுமில்லை. தகுதி உடையவராகக் கண்டறியப்பட்டால் மாதந்தோறும் முதியோர் உதவித்தொகை கிடைக்கும். 2023-இல் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதத்தான் வேண்டும். ஆனால் அவருடைய கேள்வி எங்களை அவரினும் அண்மையில், எங்கள் கூரைக்குக் கீழேயே இருந்த ஒருவரிடம் கொண்டுபோய் விட்டது.

நாங்கள் ஐந்து மணிக்கு எழுகிறோம் என்று மேலே பெருமையாகச் சொன்னோம். எங்களுக்கு முன்னே எழுந்தவர் யார்? ஐந்தேகாலுக்கு எங்கள் கையில் இருந்த சுக்குமல்லிக் காப்பி தானாகக் கொதித்ததா? எட்டு மணிக்குப் பசியோடு வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே மணக்கும் மிளகுப் பொங்கல் எப்போது அடுப்பேறியது? எங்கள் ஓய்வின் பொருட்டு எங்கள் மனைவியர் தம் துயிலில் அரை மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டனர் என்பதே உண்மை. நாங்கள் பணியிலிருந்த காலத்தில் ஐந்து மணிக்கு எழுந்தவர்கள், நாங்கள் ஓய்வு பெற்ற பின் நாலரைக்கு எழுந்தார்கள். எங்கள் ஓய்வு அவர்களுக்குப் பணி உயர்வு ஆயிற்று; சம்பளம் மட்டும் இல்லை.

மேலும், பருவத்தை நாங்கள் அறிவதற்கும் அவர்கள் அறிவதற்கும் எவ்வளவு வேறுபாடு! வடகிழக்குப் பருவமழை எப்போது தொடங்கும், எந்தப் புயல் எங்கே கரை கடக்கும் என்று வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டு நாங்கள் வாதிடுவோம். அவர்கள் அறிக்கை கேட்பதில்லை. மாவுச் சட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். சித்திரையில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழியும் இட்லி மாவு, மார்கழியில் பத்து மணி நேரமானாலும் அசையாமல் கிடக்கும். ஆகவே பனிக்காலத்தில் உளுந்தை முன்னதாக ஊறப்போட்டு, பொழுது சாயுமுன்னே அரைத்து, சட்டியைத் துணியில் சுற்றி அடுப்பின் வெதுவெதுப்பு எட்டும் மூலையில் வைக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் புளியில் ஈரம் ஏறும்; உப்பு கசியும்; பருப்பில் வண்டு வைக்கும்; தீப்பெட்டி நமுத்துப்போகும். மழை விட்டுப் பனி தொடங்கியதும் கிடைக்கும் பச்சை மொச்சையை இரண்டு மாதத்துக்குள் சமைத்துத் தீர்க்க வேண்டும்; கத்தரிக்காயும் கருவாடும் சேர்த்து அதை ஒரு குழம்பு வைப்பார்கள்; அதை உண்டவர்க்கு விளக்கம் தேவையில்லை, உண்ணாதவர்க்கு விளக்கிப் பயனில்லை. மாசி வெயில் ஏறியதும் வடகமும் வற்றலும். வானிலை ஆராய்ச்சி முழுவதும் எங்கள் அடுப்பங்கரையில் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் அதை அறியாமல் அறுபது ஆண்டுகள் உண்டு முடித்தோம்.

2023 நவம்பர் மழையில், எங்கள் இரயில்வே நண்பரின் மனைவி கொல்லையில் கறிவேப்பிலை பறிக்கச் சென்றவர், பாசி வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். முதல் வாரம் எங்கள் மூவர் வீட்டிலிருந்தும் முறைவைத்துச் சாப்பாடு அனுப்பினோம். 'அனுப்பினோம்' என்று எழுதும்போது கை கூசுகிறது. சமைத்தவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். தூக்குப் பாத்திரத்தை மிதிவண்டியில் மாட்டிக்கொண்டு போய்க் கொடுத்து, நண்பனுக்கு உதவிய நிறைவோடு திரும்பியவர்கள் நாங்கள்.

எட்டாம் நாள் அவர் எங்களிடம், "இனி வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே எந்தப் பாகத்தில் கோளாறு என்று சொல்லிவிடும் மனிதர் அவர். அவருக்குத் தம் வீட்டில் துவரம்பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. கட்டிலில் இருந்தபடியே மனைவி சொல்லச் சொல்ல, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். முதல் நாள் இட்லி, இட்லியாகவே இல்லை. பனியில் மாவு பொங்காது என்பதை அன்றுதான் கற்றார். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் மதகடியில் எங்களிடம் சொன்னார்: "பொன்மலையில் எனக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு இருந்தது. மருத்துவ விடுப்பு இருந்தது. இவளுக்குக் கை முறிந்தால்தான் விடுப்பு." அதற்குமேல் அவர் பேசவில்லை. எங்களுக்கும் பேச வாயில்லை.

கண்டவர் வீட்டுக் கதையை வைத்துப் பொதுநீதி பேசலாமா என்று வாசகர் கேட்கலாம். இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அதிலும், பெண்களுள் நூற்றுக்கு எண்பத்தொருவர் ஈடுபடுகின்றனர். ஆண்களுள் நூற்றுக்கு இருபத்தாறு பேர் மட்டுமே. 2023 சூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வெளிநாட்டில் பணிபுரிந்த கணவரின் வருவாயில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியான மனைவிக்கும் சம உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. அவள் வீட்டைத் தாங்கியதனாலேயே அவனால் பொருளீட்ட முடிந்தது என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்கு 'உதவித் தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டது. தொகை சிறிது, சொல் பெரிது. நாடும் நீதிமன்றமும் வேலை என்று ஏற்றுக்கொண்ட ஒன்றை நாங்கள் எங்கள் வீட்டில் இன்னும் 'பாசம்' என்று அழைத்துக்கொண்டிருந்தோம்.

பாசம்தானே என்பதுதான் எங்கள் முதல் மறுமொழியாகவும் இருந்தது. அன்பினால் செய்வது எப்படிச் சுமையாகும்? எங்களுள் ஆசிரியராக இருந்தவர் இதற்கு விடை சொன்னார். அவர் தம் பணியை உளமார நேசித்தவர். கரும்பலகையின் முன் நின்றால் தலைவலி மறந்துவிடும் என்பார். ஆயினும், 'நேசிக்கிறீரே, ஆகவே சம்பளம் வேண்டாம், ஓய்வும் வேண்டாம், எண்பது வயதுவரை வாரும்' என்று யாரேனும் சொல்லியிருந்தால் ஏற்றிருப்பாரா? அன்பு சுமையை இனிதாக்கலாம், எடையைக் குறைப்பதில்லை.

இரண்டாவது மறுமொழி இன்னும் நயமானது: வேலை செய்துகொண்டிருந்தால்தான் உடம்பு நன்றாக இருக்கும், உட்கார்ந்துவிட்டால் முடங்கிப்போவாள். இதைச் சொன்னவர் பெயரைக் குறிப்பிடமாட்டோம். உடம்பு நன்றாக இருப்பதற்கு எங்களுக்கு ஆற்றங்கரைச் சாலையும் பனிக்காற்றும். அவர்களுக்கு அம்மியும் துடைப்பமும் என்றால், இது மருத்துவமா, வசதியா?

எங்கள் எண்ணத்தைத் தெளிவித்தது ஒரு மழை நாள். பொழுது விடியும்முன் தூறல் தொடங்கியது. "இன்று இல்லை" என்று ஒருவருக்கொருவர் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டோம். ஒன்பது மணிக்கு எங்களுள் ஒருவர் தம் வீட்டில், "மழைக்கு இதமாக வாழைக்காய் பஜ்ஜி போடேன்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மழை வந்தால் எங்களுக்கு வேலை நிற்கிறது; அவர்களுக்கு வேலை கூடுகிறது. ஓய்வு என்று நாங்கள் பெற்றது சும்மா இருக்கும் நிலையை அன்று. நாங்கள்தாம் சும்மா இருப்பதே இல்லையே, நாள்தோறும் பதினாறு கிலோமீட்டர் மிதிக்கிறோமே! நாங்கள் பெற்றது 'இன்று இல்லை' என்று சொல்லும் உரிமையை. அதைச் சொன்னால் எந்த மேலதிகாரியும் விளக்கம் கேட்கமாட்டார். எங்கள் மனைவியருள் ஒருவர்கூட நாற்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் அடுப்பைப் பார்த்து 'இன்று இல்லை' என்று சொன்னதாக எங்களுக்கு நினைவில்லை.

ஓய்வுநாள் பற்றிய திருச்சட்டத்தை நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தோம். ஆனால் அதை விடுதலைப் பயண நூலில் விரிவாக வாசிப்போர் சிலரே. யார் யார் வேலை செய்யலாகாது என்று அங்கே ஒரு பட்டியல் வருகிறது: நீ, மகன், மகள், அடிமை, அடிமைப் பெண், கால்நடை, உன் வாயிலுக்குள் வாழும் அந்நியன். மாட்டுக்கும் ஓய்வு சொல்லும் அந்தப் பட்டியலில் மனைவி என்ற சொல் இல்லை. 'நீ' என்பதற்குள் அவளும் அடக்கம் என்று உரைகாரர் விளக்குவர். இருக்கட்டும், அச்சட்டம் அடுப்பையும் விட்டுவைக்கவில்லை. ஓய்வுநாளில் வீட்டில் தீ மூட்டலாகாது என்று அதே நூல் பின்னால் கூறுகிறது. மன்னாவை ஆறாம் நாளே இரு மடங்கு சேகரித்துச் சமைத்து வைத்துக்கொள்ளச் சொல்லப்பட்டது. இணைச்சட்ட நூலோ, உன் வேலையாட்களும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்று காரணமும் காட்டுகிறது. அதாவது, ஒருவர் ஓய மற்றவர் உழைப்பதற்கு ஓய்வுநாள் என்று பெயரில்லை.

நம் வீடுகளில் ஞாயிறு எப்படி இருக்கிறது? காலைத் திருப்பலி முடிந்ததும் நாம் ஆலய முற்றத்தில் நின்று உலக நடப்புப் பேசுகிறோம். பெண்கள் முக்காட்டை எடுக்குமுன்னே வீடு நோக்கி விரைகின்றனர். கறி வாங்கி வந்தாயிற்று, மசாலா அரைக்க வேண்டும். வாரத்தில் மிகுதியான சமையல் நாள் எது என்று எந்தக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணைக் கேட்டாலும் தயங்காமல் சொல்வார். ஆண்டவருடைய நாள் அவளுக்கு ஆட்டுக்கறியின் நாள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரத்து முறுக்கும் அதிரசமும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

துறவியரின் மடத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கு நூலின் 35-ஆம் பிரிவு சமையலறைப் பணியைப் பற்றியது. சகோதரர்கள் வாரமுறை வைத்து ஒருவருக்கொருவர் பணிபுரிய வேண்டும். நோயுற்றவரும் இன்றியமையாத வேறு பணியில் இருப்பவரும் நீங்கலாக யாருக்கும் விலக்கு இல்லை. வலுவற்றவர்க்குத் துணையாள் தர வேண்டும். வார முடிவில் துவாலைகளைத் துவைத்து, பாத்திரங்களைத் தூய்மையாகக் கணக்கோடு ஒப்படைத்து, பணி முடிப்பவரும் பணி ஏற்பவரும் அனைவருடைய காலடிகளையும் கழுவ வேண்டும். அதிலும் ஒரு நுட்பம்: சமையல் முறைக்காரர் முணுமுணுக்காமல் பரிமாறுவதற்காக, உணவு வேளைக்கு முன்னதாக அவர்களுக்குச் சிறிது அப்பமும் பானமும் கூடுதலாகக் கொடுத்துவிடச் சொல்கிறார். பசித்தவன் பரிமாறினால் முகம் சுளிக்கும் என்பதை அறிந்த மனிதர் அவர். நாங்கள் உண்டு முடிக்கும்வரை எங்கள் வீட்டில் பசியோடு நின்று பரிமாறியவர்களின் முகத்தை நாங்கள் நிமிர்ந்து பார்த்ததுண்டா என்று அந்தப் பகுதியை வாசித்த அன்று எண்ணிக்கொண்டோம்.

எங்களாலும் முறை வைக்க முடியும் என்று தீர்மானித்தோம். சனிக்கிழமைகளில் மிதிவண்டி இல்லை. நால்வரும் ஒரு வீட்டில் கூடி, நான்கு குடும்பங்களுக்கும் காலையுணவு சமைப்பது. அடுத்த வாரம் அடுத்த வீடு. தெருவில் நகைத்தார்கள். அது எங்களை வருத்தவில்லை. வருத்தியது வேறொன்று.

வங்கிக் கணக்கரின் வீட்டு முறை வந்தபோது, அவர் மனைவி வாசற்படியிலேயே எங்களை நிறுத்தினார். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. வீடு இவர் பேருல. வங்கிக் கணக்கு இவர் பேருல. எனக்குன்னு இந்த வீட்டுல இருக்கிறது இந்த ஓர் இடந்தான். இதுலயும் நாலு பேர் நுழைஞ்சா நான் எங்கே போறது?" என்றார். நாங்கள் திகைத்து நின்றோம். ஓய்வு கொடுக்கிறோம் என்று எண்ணி ஒருவருடைய ஆட்சியைப் பறிக்க வந்திருந்தோம். பல ஆண்டுகள் ஒருவரை ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, பின்பு ஒருநாள் அந்த இடத்தையும் காலி செய்யச் சொல்வது அறமாகுமா? அவரே எங்கள் திகைப்பைத் தீர்த்தார். "செய்யணும்னு ஆசையா இருந்தா, பாத்திரம் தேய்ங்க. சமையலை நான் பாத்துக்கிறேன்."

அந்த ஒரு சொல்லில் எங்கள் அறச்செயலின் சாயம் வெளுத்தது. வேலையிலும் புகழ் தரும் வேலை, புகழ் தராத வேலை என்று இரண்டு உண்டு. பொங்கல் நன்றாக இருக்கிறது என்பார்கள். பாத்திரம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. நாங்கள் தேடிச் சென்றது முன்னதை. அன்று முதல் அந்த வீட்டில் அடுப்பு அவருடையது, அடிப்பிடித்த சட்டி எங்களுடையது. பனிக்காலத்துத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் போகாது என்ற உண்மையை அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டோம்.

ஓய்வு கிடைத்த வேளையில் அவர்கள் என்ன செய்தார்கள்? முதல் சில வாரங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஆசிரியரின் மனைவி திண்ணையில் உட்கார்ந்து, உள்ளே என்ன கருகுகிறது என்று மோந்துகொண்டிருந்தார். இரயில்வே நண்பரின் மனைவி, கை தேறியவர், ஏழு மணிவரை தூங்கினார். அதை ஏதோ பாவசங்கீர்த்தனம் போலத் தாழ்ந்த குரலில் மற்றவரிடம் சொன்னாராம். அஞ்சலக நண்பரின் மனைவி மட்டும் ஒருநாள், "உங்க சைக்கிள் ரோடு எதுவரைக்கும் நல்லா இருக்கு?" என்று கணவரிடம் கேட்டார்.

அப்போதுதான் அவருக்கே பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. 1991-92-இல் அவர் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூரில் பணியாற்றினார். அறிவொளி இயக்கம் அம்மாவட்டத்தில் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்த காலம் அது. ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றனர். பெண்களுக்கான வண்டி போதிய அளவு கிடைக்காமையால் பலர் ஆண்களுக்கான வண்டியிலேயே ஏறிப் பழகினர். அவர்களுள் இவரும் ஒருவர். பின்பு மாற்றல் வந்தது, பிள்ளைகள் வளர்ந்தனர், வண்டி கணவருடையது ஆயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, 'நீயும் வருகிறாயா' என்று அவரை எவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எங்கள் நால்வருள் எவருக்கும் தோன்றவில்லை.

2025 பொங்கல் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. அவர்கள் வீட்டில் சமையல் முறை. பக்கத்து வீட்டில் மேல்நிலை வகுப்புப் படிக்கும் பெண்ணிடம், பள்ளியில் அரசு கொடுத்த மிதிவண்டியை இரவல் வாங்கி வைத்திருந்தார். "கத்துக்கிட்டது ஆம்பளை சைக்கிள்லதான். இப்போ முழங்கால் இடம் கொடுக்காது" என்றார். தெருவில் பத்தடி உருட்டிச் சென்றார். ஒரு காலை மிதியில் வைத்துத் தயங்கினார். கணவர் பிடித்துக்கொள்ள ஓடினார். "நீங்க போய் அடுப்பைப் பாருங்க" என்றார். பனி மூடியிருந்தது. மணியோசை சற்று நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

ஏழு மணி ஆயிற்று. ஏழரை ஆயிற்று. கணவர் கரண்டியோடு மூன்று முறை வாசலுக்குப் போய்வந்தார். எங்கள் மனம் ஒருநிலையில் இல்லை, பொங்கல் அடிபிடித்தது. எட்டு மணிக்குச் சற்று முன்பு வந்து இறங்கினார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார், புருவத்தில் பனித்துளி. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கருகிய பொங்கலைத் தட்டில் வாங்கிக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இரண்டு வாய் உண்டார். பிறகு கணவரை நிமிர்ந்து பார்த்து, "திரும்பி வரும்போது வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது. இத்தனை வருஷமா போயிட்டு வர்றீங்க, ஒருநாள்கூடச் சொன்னதில்லையே" என்றார்.